வெள்ளைக் காரின் உரிமையாளர் கவனத்திற்கு

அவரை நேரில் பார்ப்பதற்கு முன்பே, அவர் குரலுக்குக் கட்டுப்பட்டு ஒரு மாடி இறங்கி ஓடியிருக்கிறேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையைத் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் அந்த மால் திறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. முதல் மாடியில் எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. திருவள்ளூரில் அப்பா வைத்திருந்த கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, இனி வியாபாரமெல்லாம் மாலில்தான் என்று நம்பி வந்தவன் நான். அன்று செவ்வாய்க்கிழமை மதியம். மாலில் ஈ காக்கை இல்லை. திடீரென்று கூரையிலிருந்து ஒரு பெண் குரல், வெல்லப்பாகு மாதிரி வழிந்தது.

"வாடிக்கையாளர்களின் கனிவான கவனத்திற்கு. வெள்ளை நிறக் காரில் வந்திருக்கும் உரிமையாளர், தங்கள் வாகனத்தைச் சற்று நகர்த்தி நிறுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம். பின்னால் பல வாகனங்கள் காத்திருக்கின்றன."

அன்றைக்கென்று பார்த்து மைத்துனரின் வெள்ளைக் காரை இரவல் வாங்கி ஓட்டி வந்திருந்தேன். பதறி ஓடினேன். வண்டி நிறுத்துமிடத்தில் என் காரும் மூன்று ஸ்கூட்டரும்தான். காத்திருப்பதாகச் சொன்ன பல வாகனங்களின் இடத்தில் ஒரு நாய் காலை நீட்டிப் படுத்திருந்தது.

மூச்சு வாங்க உள்ளே வந்து, விசாரணை கவுன்டரில் மைக்கோடு உட்கார்ந்திருந்தவரிடம் கேட்டேன். குள்ளமான, முப்பத்தைந்து வயது இருக்கும் பெண். நீலச் சீருடைச் சேலை. அவர் என்னைவிட அதிர்ச்சி அடைந்தார்.

"ஐயையோ! நெஜமாவே வெள்ளை காரு ஒண்ணு நிக்கிதா?"

"பின்னே நீங்கதானே கூப்பிட்டீங்க?"

"சும்மா சொன்னேன் சார். ஆளே இல்லேன்னு தெரிஞ்சா உள்ள கீற நாலு பேரும் பூடுவாங்க. வண்டி நிக்க எடமில்லேன்னு காதுல வுழுந்தா, அடடே நல்ல எடத்துக்குத்தான் வந்துகீறோம்னு ஒரு தெம்பு வரும். நாளைலேர்ந்து செவப்புன்னு சொல்லிட்றேன், உனுக்குத் தொந்தரவு இல்லாம."

மறுநாள் முதல் சிவப்புக் காருக்கு அழைப்பு வந்தது.

எங்களுக்கெல்லாம் அவர் மைக் அக்கா. சேலையில் குத்தியிருந்த அட்டையில் வேறு யாருடைய பெயரோ இருந்தது. அந்த வேலைக்கு முதலில் சேர்ந்த பெண் இரண்டு நாளில் நின்றுவிட்டாளாம். அட்டை வீணாகக் கூடாது என்று இவர் குத்திக்கொண்டார். அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் தயங்காமல் திரும்பவும் செய்தார்.

ஊர் எளாவூர்ப் பக்கம். புருஷன் இரும்பு உருக்கும் ஆலையில் வெல்டர். இவரும் மாலுக்கு வருவதற்கு முன் ஒரு பிஸ்கட் கம்பெனியில் எட்டு வருஷம் டப்பா அடுக்கியவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊர் சர்ச்சில் வேதம் வாசிப்பது அவர்தான். அந்தக் குரல் அங்கே பழகியது. ஒருநாள் வாயடைக்கலாம் என்று கேட்டேன்: "சர்ச்சுல வேதம் வாசிச்சிட்டு இங்க வந்து இவ்வளவு பொய் சொல்றீங்களே அக்கா?"

கொஞ்சமும் அசரவில்லை. "அங்க எழுதிக்கீறத படிக்கிறேன். இங்க எனக்கு யாரு சார் எழுதிக் குடுத்தாங்க?"

அந்த வட்டாரத்துக்கே முதல் எஸ்கலேட்டர் எங்கள் மாலில்தான் வந்தது. மாதர்பாக்கத்திலிருந்தும், எல்லை தாண்டி ஆந்திராவிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து அதில் ஏறிப் பார்த்தார்கள். எதையும் வாங்கவில்லை. பெண்கள் பலர் ஏறுவதற்கு முன் செருப்பைக் கழற்றிவிட்டு, முதல் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். செக்யூரிட்டி சிரித்தான். மைக் அக்கா சிரிக்கவில்லை. அடுத்த நாளே கீழே ஒரு செருப்பு அலமாரி வைத்து, "எஸ்கலேட்டரில் ஏறுவோர் விரும்பினால் தங்கள் காலணிகளை இங்கே பாதுகாப்பாக வைக்கலாம். இது சர்வதேச நடைமுறை" என்று அறிவித்தார்.

ஒரு சிக்கல்தான். எங்கள் எஸ்கலேட்டர் மேலே மட்டும்தான் போகும். இறங்குவதற்கான படிக்கட்டு கட்டிடத்தின் மறுகோடியில். முதல் ஞாயிறு மாலை, மேலே வெறுங்காலோடு பெருங்கூட்டம், கீழே அலமாரி நிறையச் செருப்பு. நாலைந்து ஆண்கள் ஏறுகிற படியிலேயே எதிர்த்து இறங்கிப் பார்த்து, இறங்க இறங்க இருந்த இடத்திலேயே இருந்தார்கள். அக்கா மைக்கைத் தட்டினார். "காலணிகளை மறந்த வாடிக்கையாளர்கள், முதல் மாடி கடைகளின் வழியாக நடந்து மறுபுறப் படிக்கட்டை அடையலாம். வழியில் உள்ள கடைகளைப் பார்வையிடக் கட்டணம் இல்லை." அத்தனை பேரும் என் கடையைக் கடந்துதான் போனார்கள். அன்று மட்டும் பதினோரு கூலிங் கிளாஸ் விற்றேன். அது திட்டமா தற்செயலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இன்னொரு தடவை என்னைக் கேட்காமலேயே, "முதல் மாடி கண்ணாடிக் கடையில் இன்று இலவசக் கண் பரிசோதனை" என்று அறிவித்துவிட்டார். பத்தே நிமிஷத்தில் வரிசை எஸ்கலேட்டர் வரை நின்றது. கோபத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொருவராக உட்கார வைத்துச் சோதித்தேன். வரிசையில் எங்கள் செக்யூரிட்டியும் நின்றிருந்தான். பிரதான வாசலில் நாள் முழுக்க ஆட்களைக் கண்காணிக்கிறவன். சுவரில் எழுத்துப் பலகையைக் காட்டி, "முதல் வரியைப் படி" என்றேன்.

"எந்த போர்டு சார்?" என்றான்.

அவனுக்குக் கண்ணாடி போட்டுவிட்ட அன்று, வாசலில் நின்று மால் முதலாளியைப் பார்த்து அவன் முதல் முறையாகச் சல்யூட் அடித்தான். இரண்டு வருஷமாகத் திமிர் பிடித்தவன் என்று அவனைத் திட்டிக்கொண்டிருந்த முதலாளிக்கு அன்றுதான் விஷயம் புரிந்தது.

முதலாளி பொன்னேரிப் பக்கம் ரைஸ் மில் வைத்திருந்த குடும்பம். நல்ல மனிதர். நெல்லிலிருந்து நேராக மாலுக்குத் தாவிவிட்டவர். இரண்டாவது மாடியில் 'விரைவில் திரையரங்கம்' என்று ஒரு பெரிய பேனர் கட்டியிருந்தார். அந்த 'விரைவில்' வெயிலில் வெளுத்துக்கொண்டே வந்தது. பேனரை மூன்று முறை மாற்றினோம். ஒவ்வொரு முறையும் அதே வாசகம், நடிகர் படம் மட்டும் புதுசு.

கூட்டம் குறைய ஆரம்பித்தது எப்போது என்று சரியாகச் சொல்ல முடியாது. எஸ்கலேட்டரில் ஏறாதவர்கள் யாரும் மிச்சமில்லாமல் போனபோது என்று நினைக்கிறேன். தொழிற்சாலைப் பெண்கள் விடுதியில் இருந்தபடியே செல்போனில் துணி வாங்கப் பழகினார்கள். பிறகு கொரோனா வந்தது. மால் மறுபடி திறந்தபோது கீழ்த்தள சூப்பர் மார்க்கெட் திரும்பி வரவில்லை. ரெடிமேட் துணிக்கடைக்காரர் ஷட்டரை இழுத்துவிட்டுப் போனார். எஸ்கலேட்டர் நின்றது. "தங்கள் உடல்நலம் கருதி எஸ்கலேட்டர் இன்று படிக்கட்டாக இயங்கும்" என்றார் அக்கா. அது அதற்குப் பிறகு படிக்கட்டாகவே இயங்கியது.

துணிக்கடைக்காரர் விட்டுப்போன பொம்மைகள் பன்னிரண்டு இருந்தன. ஒரு காலையில் நான் வந்து பார்த்தபோது அவை இடம் மாறியிருந்தன. சேலை கட்டிய ஒன்று மூடிய நகைக்கடையின் கண்ணாடிக்குப் பின்னால் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு பேர் ஃபுட் கோர்ட்டில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நெடுஞ்சாலையில் பஸ்ஸில் போகிறவர்களுக்கு உள்ளே ஏக ஜனம் என்று தோன்றும். ஒரு லாரி டிரைவர் வந்து ஃபுட் கோர்ட் பொம்மையிடம் கழிப்பறை எங்கே என்று இரண்டு முறை கேட்டு, பதில் வராததால் சண்டைக்கே போய்விட்டார். அக்கா குறுக்கே புகுந்து, "வுடுங்கண்ணா, அவருக்குக் காது கேக்காது" என்று சமாதானம் செய்தார்.

இதுவரை எல்லாம் சிரிப்புத்தான். ஒரு பொய் மட்டும் வேறு மாதிரி ஆகிவிட்டது.

ஃபுட் கோர்ட்டில் கடைசியாக மிஞ்சியது ஒரே ஒரு டிபன் கடை. ஆந்திர எல்லையில் உள்ள தடாவிலிருந்து பிழைக்க வந்த ஒரு தெலுங்கு அம்மா நடத்தினார். புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். அவர் போடும் பெசரட்டுக்காகவே, அந்தப் பச்சைப்பயறு தோசைக்காகவே, நான் வீட்டில் சாப்பிடாமல் வருவேன். பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் கேன்டீன் நடத்த அவரைக் கூப்பிட்டார்கள். போகலாமா என்று அக்காவிடம் வந்து கேட்டார். அக்கா வழக்கம்போல அள்ளி விட்டார்.

"இப்பப் போய் கடைய வுடுவாங்களா? அடுத்த மாசம் தியேட்டர் தெறக்கறாங்கம்மா. மூணு ஸ்கிரீன். இன்டர்வல்ல உன் கடை முன்னாடிதான் கூட்டம் நிக்கப் போவுது. பேசி முடிச்சாச்சு."

அந்த அம்மா நம்பினார். கேன்டீன் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கடன் வாங்கிப் புது தோசைக்கல் ஒன்றும் போட்டார்.

அந்தக் கல்லைப் பார்த்த நாளிலிருந்து அக்கா சாப்பிடவில்லை. சிவப்புக் காரைக்கூடக் கூப்பிடவில்லை. என் கடைக்கு வந்து, சோதனை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "சார், நான் பேஜாரு பண்ணிட்டேன். மைக்குல சொன்னதெல்லாம் காத்தோட பூடும். இது கல்லா வந்து உக்காந்துகினு கீது."

"போய் உண்மையைச் சொல்லிடுங்க அக்கா."

"சொன்னா அந்தம்மா இன்னா பண்ணும்? கேன்டீன வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. தியேட்டர நெஜமாக்கறத வுட்டா வேற வழியில்ல."

நெஜமாக்கக் கிளம்பியும்விட்டார். முதலாளியை நச்சரித்து, சென்னையில் ஒரு சினிமா கம்பெனிக்குத் திரும்பத் திரும்ப போன் செய்ய வைத்தார். கடைசியில் அவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து பார்ப்பதாக ஒப்புக்கொண்டார்கள். கூட்டம் வருகிற இடம்தானா என்று பார்க்க வேண்டுமாம்.

அந்த வாரம் முழுக்க அக்கா பெண்கள் விடுதிகளுக்கும், ஷிப்ட் பஸ் நிற்கும் இடங்களுக்கும், ஆரம்பாக்கம் சந்தைக்கும் போய் வந்தார். எல்லா இடத்திலும் ஒரே வாசகம்.

"ஞாயித்துக்கெழம நம்ம மாலுக்கு ஒருத்தரு வர்றாரு. யாருன்னு நான் சொல்லக் கூடாது. உங்களுக்கே தெரியும்."

பெயர் சொல்லாததுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம். விடுதிப் பெண்கள் ஒரு நடிகரை நினைத்துக்கொண்டார்கள். எல்லை தாண்டி வந்தவர்கள் ஒரு தெலுங்கு நடிகரை நினைத்து மாலையே கட்டிக்கொண்டு வந்தார்கள். ஒரிசாவிலிருந்து வேலைக்கு வந்த பையன்கள் யாரை நினைத்தார்களோ, கொடியோடு வந்தார்கள். கவரைப்பேட்டையிலிருந்து வந்த ஒரு கிழவி, செத்துப்போய்ப் பல வருஷமான நடிகர் பெயரைச் சொல்லி, "ஒருக்கா பாத்துட்டா போதும்" என்று வாசல் ஓரமாக உட்கார்ந்துவிட்டார்.

திறப்பு விழாவுக்குக்கூட அப்படிக் கூட்டம் வந்ததில்லை. ஐந்து மணிக்கு மால் நிரம்பி, வண்டி நிறுத்துமிடம் நிரம்பி, நெடுஞ்சாலையில் பஸ்கள் நின்றன. டிபன் அம்மா வியர்க்க வியர்க்கத் தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். சினிமா கம்பெனியிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். முதலாளி அவர்களை இரண்டாவது மாடிக்கு அழைத்துப் போய், கைப்பிடிச் சுவர் ஓரம் நிறுத்திக் கீழே காட்டினார். மால் திறந்த நாளுக்குப் பிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவை நான் பார்த்ததில்லை.

ஆறு மணிக்குக் கூட்டம் கேட்க ஆரம்பித்தது. எங்கே? எப்போ? ஆறரைக்கு விசில். நின்றுபோன எஸ்கலேட்டரில் மேலே ஏறுகிறவர்களும் கீழே இறங்குகிறவர்களும் முட்டிக்கொண்டு நின்றார்கள். நடுவில் கைக்குழந்தையோடு ஒரு பெண் சிக்கிக் கத்தினாள். வாசலிலிருந்து அதை முதலில் கவனித்தவன் எங்கள் செக்யூரிட்டிதான். "அக்கா! கொழந்த! கொழந்த!" என்று கவுன்டரைப் பார்த்துக் கத்தினான்.

அக்கா மைக்கை எடுத்தார். அவர் முகம் வெளிறியிருந்தது. அத்தனை வருஷத்தில் முதல் முறையாகக் கூரையிலிருந்து வெல்லப்பாகு வரவில்லை. எளாவூர்க் குரல் வந்தது.

"எல்லாரும் கேளுங்க. யாரும் வரல. நடிகரும் வரல, ஒருத்தரும் வரல. நான்தான் பொய் சொன்னேன். கொழந்தைங்கள பத்திரமா புட்ச்சிகினு மெதுவா ஊட்டுக்குப் போங்க."

எங்கிருந்தோ ஒருவன் கூவினான்: "டேய், வந்துட்டார்டா! கூட்டத்தக் கலைக்கத்தான் இந்தம்மா இப்படிச் சொல்லுது! பின்னாடி கேட்டு!"

மொத்தக் கூட்டமும் ஆரவாரத்தோடு பின் வாசலுக்குப் பாய்ந்தது. அதனால் எஸ்கலேட்டர் காலியானது. அக்கா ஓடிப்போய் அந்தப் பெண்ணையும் குழந்தையையும் இறக்கிக் கூட்டி வந்தார். ஒருவருக்கும் அடியில்லை, அறுந்த செருப்புகள்தான் மிச்சம். அக்கா திரும்ப மைக்குக்கு வந்து, "சத்தியமா பொய்யிங்க! என்ன நம்புங்க!" என்று கெஞ்சினார். அவர் கெஞ்சக் கெஞ்ச அவர்களுக்கு நம்பிக்கை உறுதிப்பட்டது. பலர் எட்டு மணி வரை நகரவில்லை.

சினிமா கம்பெனிக்காரர்கள் மட்டும் அவர் சொன்னதை அப்படியே நம்பினார்கள். கைகுலுக்காமல் காரில் ஏறிப் போனார்கள்.

டிபன் அம்மாவும் நம்பினார். அடுப்பை அணைத்துவிட்டுக் கவுன்டருக்கு வந்து, கையில் மாவு காயக் காய நின்று கேட்டார்: "தியேட்டரும் இப்படித்தானா?"

"ஆமாம்மா" என்றார் அக்கா. வேறு ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. அவர் சும்மா ஆமாம் என்று மட்டும் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

அந்த அம்மா பல நாள் அக்காவிடம் பேசவில்லை. முதலாளி அக்காவை வேலையை விட்டு நிறுத்தவில்லை. நிறுத்துவதற்கு மாலே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. அக்கா தானாகவே வருவதை நிறுத்திவிட்டார். பிறகு நானும் கடையைக் காலி செய்துகொண்டு திருவள்ளூருக்கே திரும்பினேன். தம்பி பெருந்தன்மையாக எனக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தான். எஸ்கலேட்டரைப் பழைய இரும்புக்குக் கழற்றினார்கள். கண்ணாடிச் சுவர்களுக்குத் தகரம் அடித்தார்கள். இப்போது அது ஆன்லைன் பார்சல்களின் கிடங்கு. அந்தப் பக்கம் போகும்போது பார்க்கிறேன்: நாங்கள் அத்தனை வருஷம் ஏங்கிய மாதிரி வாசலில் வண்டிகள் வரிசையாகக் காத்து நிற்கின்றன.

போன வருஷம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் கண் பரிசோதனை முகாமுக்குக் கூப்பிட்டார்கள். மதியம் சாப்பிடக் கேன்டீனுக்குப் போனால், கல்லில் பெசரட்டு. கல்லுக்குப் பின்னால் அதே டிபன் அம்மா. பக்கத்தில் கரண்டியோடு, தலையில் வலைத்தொப்பி போட்டுக்கொண்டு மைக் அக்கா.

"கண்ணாடி சார்! இன்னா சார், இளைச்சிப் பூட்டே?"

நான் இளைக்கவில்லை, எட்டுக் கிலோ ஏறியிருந்தேன்.

கதையை டிபன் அம்மாதான் சொன்னார். மூன்று மாதம் அக்கா வெயிலில் ஒவ்வொரு தொழிற்சாலை வாசலாக ஏறி இறங்கினாராம். இங்கே மேனேஜரிடம், "இந்தம்மா மால்ல ஒரே நாள்ல ஐநூறு பேருக்கு டிபன் போட்டுக்கீது" என்று சொல்லி கேன்டீனை வாங்கிக் கொடுத்தாராம். மேனேஜர் விசாரித்தபோது, அந்த ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நின்று சாப்பிட்ட ஆட்கள் அந்தத் தொழிற்சாலையிலேயே நிறையப் பேர் இருந்தார்கள். எல்லோரும் ஆமாம் என்றார்கள்.

"சாட்சியோட சொன்ன ஒரே சமாசாரம் சார் அது" என்றார் அக்கா. டிபன் அம்மா கரண்டியால் அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

சாப்பிட்டு முடிக்கும்போது அக்கா எதிரே வந்து உட்கார்ந்தார். "ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். அந்த ஞாயித்துக்கெழம நீ கடைய வுட்டுட்டு ஏன் சார் வாசல்லயே நின்னுகினு இருந்தே? கூட்டத்த ஒழுங்குபடுத்தவா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவர் முன்னால் எனக்கு அது வரவில்லை.

"கடையிலேயே விலை உசந்த கூலிங் கிளாஸ் ஒண்ணை எடுத்துக்கிட்டு நின்னேன் அக்கா. அவர் வந்தா கண்ணுல மாட்டி, ஒரு போட்டோ எடுத்துக் கடையில வைக்கலாம்னு."

அக்கா வாயைப் பிளந்தார். "நீயா? என்னப் பத்தி உனக்குத் தெரியாதா? நான்தான் மைக்குலயே பொய்யின்னு சொன்னேனே!"

"சொன்னீங்க. அதுக்கப்புறமும் ஒரு மணி நேரம் நின்னேன்."

டிபன் அம்மா கல்லின் மேல் குனிந்து சிரித்துச் சிரித்து, தோசையைத் தீய விட்டுவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "யாருன்னு நெனச்சே?" என்று கேட்டார்.

வெட்கத்தோடு பெயரைச் சொன்னேன்.

அக்கா வலைத்தொப்பியைச் சரிசெய்துகொண்டார். பிறகு முகத்தில் ஒரு சுருக்கமும் மாறாமல் சொன்னார்: "அவரா? அவரு ஆரம்பாக்கம் வரைக்கும் வந்துட்டாரு சார். டிராபிக்குல மாட்டிக்கினு, ஒன்பது மணிக்குத்தான் திரும்பிப் போனாரு."

இன்னும் ஒரு மணி நேரம் நின்றிருக்கலாமே என்று எனக்கு வருத்தமாகிவிட்டது.